முகமும் பெயரும்: பிரித்தானியக் கடற்படை வீரர் பொறிப்புப் படங்கள் பற்றி ஒரு நோக்கு

எமது திறனாய்வு பெரும்பாலும் எழுதப்பட்ட நூலையே தன் ஆய்வுப்பொருளாகக் கொண்டு வந்துள்ளது. பாட்டையும் காவியத்தையும் நாவலையும் அவை தோன்றிய சமூகத்தின் உற்பத்தி உறவுகளோடு இயைத்து நோக்கும் முறை, கைலாசபதி, சிவத்தம்பி முதலியோரின் உழைப்பினால் எமது பல்கலைக்கழகங்களில் வேரூன்றியுள்ளது. ஆயினும் ஒரு சமூகம் தான் வீரர் எனக் கொள்வோரை நினைவிற் பேணும் வழிகள் எழுத்தோடு முடிந்துவிடுவன அல்ல. கல்லும் செம்பும் கொடியும் படமும் பாட்டும் அத்தொழிலைச் செய்துள்ளன. பண்டைத் தமிழர் போரில் மாண்ட மறவனுக்கு நடுகல் நட்டு, அதிற் பெயரையும் செயலையும் பொறித்தனர். அக்கல்லைச் சங்கச் செய்யுளோடு சேர்த்துப் படிக்க நாம் தயங்குவதில்லை. அவ்வாறாயின் நினைவுக்கெனப் பொறிக்கப்பட்ட வேறொரு பொருளையும், அது எம்மை ஆண்டவரின் பொருளாயினும், திறனாய்வாளர் படிக்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இலண்டனில் அச்சாகி விற்பனையான, பிரித்தானியக் கடற்படைத் தளபதிகளின் நினைவுப் பொறிப்புப் படங்களையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

தமிழ்ச் சங்க ஆய்விதழ் ஒன்றில் இப்படங்களுக்கு என்ன வேலை என வாசகர் வினவுதல் நியாயமே. விடை 1782ஆம் ஆண்டில் உள்ளது. அவ்வாண்டு ஜனவரியில் அட்மிரல் எட்வேட் ஹியூஸ் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினார். ஏப்ரில் 12ஆம் திகதி, திருகோணமலைக்குத் தெற்கே புரொவிடியன் என ஐரோப்பியர் அழைத்த சிறு பாறைத்தீவின் அருகில், அவருடைய 11 போர்க்கப்பல்களும் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனின் 12 போர்க்கப்பல்களும் மோதின. பிரித்தானியத் தரப்பில் மட்டும் 137 பேர் மாண்டனர். 430 பேர் காயமுற்றனர். வெற்றி எவருக்கும் கிட்டவில்லை. அதன் பின்னர் சஃப்ரன் தம் கப்பல்களை மட்டக்களப்புக்குக் கொண்டு சென்று, ஏப்ரில் இறுதியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை அங்கு தங்கினார். கப்பல்கள் பழுதுபார்க்கப்பட்டன, நோயுற்ற மாலுமிகள் கரையேற்றப்பட்டனர். ஜூலை 6இல் நாகபட்டினக் கடலில் இரு படைகளும் மீண்டும் பொருதன. ஆகஸ்ட் இறுதியில் திருகோணமலை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. செப்டெம்பர் 3இல் அத்துறைமுகத்துக்கு வெளியே இன்னொரு போர் நிகழ்ந்தது.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தொடரும் இக்கரையின் மக்களுக்கு மேற்சொன்ன போர்கள் தூரதேசத்துச் செய்திகள் அல்ல. அவர்களின் கடலிலேயே நிகழ்ந்தவை. ஒரு கடற்படை ஐந்து வாரம் துறையொன்றில் தங்குமாயின், ஆயிரக்கணக்கான வாய்களுக்கு அரிசியும் இறைச்சியும் வேண்டும். விறகும் நன்னீரும் வேண்டும். அவை வானத்திலிருந்து பொழிந்தவை அல்ல. வாவியைச் சூழ்ந்த வயல்களிலும் காடுகளிலும் பாடுபட்டோர், தமிழராயினும் முஸ்லிம்களாயினும், அப்போரின் சுமையில் ஒரு பங்கைச் சுமந்திராமல் இருக்க முடியாது. கடற்போர் வரலாற்றாசிரியர்கள் சஃப்ரனின் போர்த்தந்திரத்தைப் பக்கம் பக்கமாக வியந்துள்ளனர். அவருடைய மாலுமிகள் உண்ட சோறு எந்த வயலில் விளைந்தது என்று அவர்களில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் தளபதிகள் இருவருக்கும் முகம் கிடைத்தது. நாடு திரும்பிய ஹியூஸை ஜொஷுவா றெனல்ட்ஸ் 1786-87இல் முழுவுருவ ஓவியமாகத் தீட்டினார். கிழக்கிந்தியக் கடலில் அவர் ஈட்டிய பெருஞ்செல்வம் அக்காலத்திலேயே பேசப்பட்டதொன்று. ஓவியம் இன்று கிரீனிச் தேசியக் கடல்சார் அரும்பொருளகத்தில் உள்ளது. அதன் வழியாக அச்சுப்படமும் வெளிவந்தது. சஃப்ரன் ஹைதர் அலியைச் சந்தித்த காட்சி 1789இல் பிரான்சில் பொறிப்புப் படமாயிற்று. ஹைதர் அலி அரசராதலால் ஐரோப்பியரின் செம்பிலும் அவருக்கு இடமிருந்தது. கரைக்கு அரிசி கொண்டுவந்தவனுக்கு எந்தச் செம்பிலும் இடமிருக்கவில்லை.

இப்படங்கள் செய்யப்பட்ட முறையைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையது. ஓவியர் தீட்டிய ஓவியம் ஒன்றே; அதனை ஒருவரே உடைமையாக்கலாம். அதே உருவத்தைச் செப்புத்தகட்டில் கூரிய கருவியால் கோடுகோடாக வெட்டி, வெட்டிய பள்ளங்களில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து உருளையின் கீழ் அழுத்தினால், ஒரே தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கான படிகளைப் பெறலாம். பெரிய தகடொன்றை வெட்டி முடிக்க ஆண்டுகள் செல்வதுண்டு. செம்பு மென்மையானது, அச்சிட அச்சிடக் கோடு தேயும். ஆதலால் முதற் படிகளுக்கு விலை அதிகம், பிந்திய படிகளுக்குக் குறைவு. அடியிற் பெயரும் வாசகமும் பொறிக்கப்படுமுன் எடுத்த படிகளுக்கே எல்லாவற்றிலும் கூடிய விலை. நினைவுகூர்வதற்கெனச் செய்யப்பட்ட பொருளில், நினைவுகூரப்படுபவரின் பெயர் இல்லாத படியே செல்வரால் பெரிதும் விரும்பப்பட்டது. பண்டமானது தன் பயன்பாட்டிலிருந்து எவ்வளவு தூரம் விலகிச் செல்லக்கூடும் என்பதற்கு இதனினும் எளிய சான்று தேவையில்லை.

இத்தகைய வேலைக்கு மூலதனம் வேண்டும். அதனை இட்டவர் படவெளியீட்டாளர். அவர் முன்கூட்டியே சந்தாதாரரைச் சேர்ப்பார்; ஓவியருக்கும் பொறிப்பாளருக்கும் கூலி கொடுப்பார்; தகடு அவருடைய சொத்தாகும். 1735இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட பொறிப்புப் பதிப்புரிமைச் சட்டம் அச்சொத்துக்குக் காவலாயிற்று. படத்தின் அடி விளிம்பில் மூவர் பெயரும் இருக்கும்: இடப்புறம் ஓவியர், வலப்புறம் பொறிப்பாளர், கீழே நாளும் முகவரியுமாக வெளியீட்டாளர். முதலிருவரின் பெயருக்குப் பின் இலத்தீன் வினைச்சொற்கள் வரும், ஒருவர் தீட்டினார், மற்றவர் வெட்டினார் என்று. வெளியீட்டாளர் என்ன செய்தார் என்பதை முகவரியே சொல்லிவிடும்.

இலண்டன் பால் மால் வீதியில் இயங்கிய றொபேட் போயர், 1803இல் வெளியிட்ட கடற்படை வெற்றிப் படவரிசை இவ்வகையில் மிகுந்த விளக்கம் தருவதாகும். 1794 ஜூன் முதலாந் திகதிய போர், 1797இன் வெற்றிகள், 1798 ஆகஸ்டில் நிகழ்ந்த நைல் போர் ஆகியன தனித்தனித் தகடுகளில் நினைவுகூரப்பட்டன. அமைப்பை வகுத்தவர் றொபேட் ஸ்மேர்க். தகடுகளை வெட்டியோருள் பார்ட்டொலொட்சி, ஜோன் லாண்ட்சியர், றைடர், ஸ்ரோ ஆகியோர் அடங்குவர். இவ்வரிசையின் சில படங்களில் முகங்களுக்கு மூலமாக அமைந்தவை ஜோன் சுமார்ட் என்பார் தீட்டிய சிற்றோவியங்கள். இச்சுமார்ட் 1785 முதல் 1795 வரை சென்னையில் வாழ்ந்து, ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியையும் கொம்பனியின் அதிகாரிகளையும் சிற்றோவியங்களாக்கிப் பணம் சம்பாதித்தவர். கர்நாடகப் போர்களின் கடனில் மூழ்கிய நவாபின் முகத்தைத் தீட்டிய அதே கை, கடலை வென்றவரின் முகங்களையும் தீட்டிற்று. பேரரசு தனக்கு வேண்டிய கலைஞரையும் இவ்வாறு ஒரு சந்தையிலிருந்து இன்னொரு சந்தைக்கு நகர்த்தியது.

போயர் படங்களில் நாம் காண்பது போரையன்று, பதக்கங்களை. உரோமர் நாணயத்திற் பேரரசரின் தலை பொறிக்கப்படுவது போன்று, வட்டச் சட்டங்களுள் தளபதியும் அவர் கீழிருந்த கப்டன்களும் வரிசையாக வைக்கப்பட்டுள்ளனர். நைல் படத்தில் நெல்சன் நடுநாயகம், ஏனையோர் சூழ்ந்துள்ளனர். உண்மையான போரில் அன்று பிரித்தானியத் தரப்பில் 218 பேர் மாண்டனர். படத்தில் இரத்தம் இல்லை, புகையும் அடங்கிவிட்டது. கட்டளையிட்டவரின் தலைகளே எஞ்சியுள்ளன. இவ்விடத்தில் நடுகல்லை மீண்டும் நினைவுகூரலாம். செங்கம் பகுதியிற் கிடைத்த நடுகற்கள் பலவற்றில் வீரன் வில்லோடும் வாளோடும் முழுவுருவாக, செயலில் ஈடுபட்டவனாகக் காட்டப்பட்டுள்ளான். பெரும்பாலானோர் ஊர்க்காவலர், ஆநிரை மீட்கச் சென்றோர், சேவகர். அக்கல்லில் முகம் எவருடையதும் அன்று. பெயரும் செயலுமே ஒருவனை மற்றொருவனிடமிருந்து பிரிக்கின்றன. இலண்டன் செம்பில் செயல் மறைந்து முகம் வந்துவிட்டது. தனிமனிதனே வரலாற்றை இயக்குகிறான் என்னும் பூர்ஷ்வாக் கருத்துநிலை தனக்குரிய வடிவத்தை இங்கே கண்டுகொண்டது எனலாம். நடுகல் மாண்டவனுக்கு உரியது. போயர் படத்தில் உள்ளோர் பலர் அது வெளிவந்தபோது உயிரோடு இருந்தவர்கள், தம் படியைத் தாமே வாங்கியிருக்கக்கூடியவர்கள் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

1797இன் வெற்றி எனப்படும் கம்பர்டவுன் போரை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு ஒக்டோபர் 11இல் அட்மிரல் டங்கன் ஒல்லாந்தரைத் தோற்கடித்தார். அதற்குச் சில மாதங்களின் முன், ஏப்ரிலிலும் மேயிலும், ஸ்பிற்ஹெட் துறையிலும் நோர் துறையிலும் பிரித்தானிய மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தனர். அரசு அதனைக் கலகம் என்றது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக உயர்த்தப்படாத சம்பளம், அளவிற் குறைத்து வழங்கப்பட்ட உணவு, கரைக்குச் செல்ல விடாமை, காயமுற்றோர்க்குச் சம்பள வெட்டு ஆகியன அவர்களின் குறைகள். டங்கனின் கப்பல்களிற் பெரும்பாலானவை அவரைத் தனியே விட்டு நோர் கிளர்ச்சியிற் சேர்ந்தன. ஸ்பிற்ஹெட்டில் கோரிக்கைகள் ஏற்கப்பட்டன, நோர் நசுக்கப்பட்டது. பிரதிநிதிகளின் தலைவராக இருந்த றிச்சட் பாக்கர் ஜூன் 30இல் தூக்கிலிடப்பட்டார். ஒக்டோபரில் வென்றவர்கள் அந்த மாலுமிகளே. போயரின் நினைவுப்படத்தில் டங்கனும் கப்டன்களும் உள்ளனர்.

பாக்கருக்கும் பொறிப்புப் படம் உண்டு என்பது சுவையான செய்தி. அவர் தூக்கிலிடப்பட்ட ஆண்டிலேயே அவர் உருவம் அச்சாகி விற்கப்பட்டது. பிரதிநிதிகள் கூடியிருப்பதைக் காட்டும் கேலிப்படமும் கடைகளுக்கு வந்தது. சந்தைக்கு வீரனும் ஒன்றுதான், கலகக்காரனும் ஒன்றுதான். ஆயினும் வேறுபாடு ஒன்று இருந்தது. தளபதியின் படம் சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டுவதற்கு. பாக்கரின் படம் அன்றைய பரபரப்புக்கு. முன்னது குடும்பச் சொத்தாகப் பேணப்பட்டது. பின்னது செய்தித்தாளைப் போலக் கசங்கிற்று. வர்க்கச் சமுதாயத்தில் நினைவின் ஆயுளும் வாங்குவோரின் வசதியைப் பொறுத்தே அமைகின்றது.

இனி, செம்பை வெட்டிய கைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். இலண்டன் அரச கலைக்கழகம் 1768இல் நிறுவப்பட்டபோது பொறிப்பாளர்க்கு அதில் முழு உறுப்புரிமை மறுக்கப்பட்டது. பொறிப்பாளர் பிறர் ஆக்கத்தைப் படியெடுப்பவரே, ஆக்குபவர் அல்லர் என்பது காரணம். பார்ட்டொலொட்சி ஒருவர் மட்டும், ஓவியர் என்ற பெயரில் உள்ளே விடப்பட்டார். சிந்திப்பவன், செய்பவன் என உழைப்பைப் பிளந்து, பின்னவனைத் தாழ்த்தும் போக்கின் துலக்கமான வெளிப்பாடு இது. இதனை எதிர்த்தவர் ஜோன் லாண்ட்சியர். 1806இல் இலண்டன் றோயல் இன்ஸ்ரிரியூசனில் பொறிப்புக் கலை பற்றி அவர் விரிவுரைகள் நிகழ்த்தினார். பொறிப்பாளர் உழைப்பிற் செழித்த வெளியீட்டாளர் போய்டெலைப் பற்றி அவர் கூறிய கருத்துகள் பிடிக்காமல் விரிவுரைகள் இடையிலேயே நிறுத்தப்பட்டன. கலைக்கழகத்திடம் அவர் முன்வைத்த வாதமும் ஏற்கப்படவில்லை. பொறிப்பாளர்க்கு முழு உறுப்புரிமை கிட்டியது 1850களிலேதான். நெல்சனுக்கும் அவருடைய கப்டன்களுக்கும் செம்பில் அழியாப் புகழ் வெட்டியவர்களில் ஒருவர், தம் தொழிலினர்க்கு ஒரு சங்கத்தில் இடம் கேட்டு இவ்வாறு அலைக்கழிந்தார். அவருடைய மகன் எட்வின் லாண்ட்சியர் ஓவியரானார். சேர் பட்டமும் பெற்றார். 1867இல் நெல்சன் தூணின் அடியில் வைக்கப்பட்ட நான்கு சிங்கங்கள் அவருடைய ஆக்கம். சுற்றுலாப் பயணிகள் இன்றும் அவற்றின்மேல் ஏறிப் படம் எடுக்க முனைகின்றனர்.

மாலுமிகள், பொறிப்பாளர் ஆகிய இருவகை உழைப்பும் படத்தின் விளிம்புக்கு வெளியே தள்ளப்பட்டமை தற்செயலன்று. கிரீனிச் மருத்துவமனையே அதற்குச் சான்று. ஊனமுற்ற, முதுமையுற்ற மாலுமிகளுக்கான அந்நிலையத்துக்காக 1696 முதல் 1834 வரை ஒவ்வொரு மாலுமியின் சம்பளத்திலும் மாதம் ஆறு பென்ஸ் பிடிக்கப்பட்டது. 1824இல் அந்நிலையத்தின் ஓவியக் கூடத்தில் தேசியக் கடற்படைக் கலைக்கூடம் திறக்கப்பட்டு, அட்மிரல்களின் உருவங்கள் சுவர் நிறைய மாட்டப்பட்டன. கூரையும் சுவரும் மாலுமிகளின் ஆறு பென்ஸ்களாலும் காக்கப்பட்டன. சுவரில் இருந்தவர்கள் வேறு ஆட்கள்.

செம்பைப் பற்றி இன்னொரு சொல். 1780களில் பிரித்தானியக் கடற்படை தன் கப்பல்களின் அடிப்பாகத்தைச் செப்புத்தகட்டால் போர்த்தது. கடற்புழு அரிக்காமலும் பாசி படியாமலும் கப்பல் விரைந்தோடுவதற்கு. சஃப்ரனின் கப்பல்களில் ஒரு பகுதிக்கே அவ்வசதி இருந்தது. ஹியூஸைக் காத்த உலோகமும் அவர் முகத்தைப் பரப்பிய உலோகமும் ஒன்றே. தமிழ்நாட்டிலோ செம்பு அரசர் நிலம் வழங்கிய ஆவணமாயிற்று. சோழர் செப்பேடுகள் சிலவற்றின் இறுதியில் அவற்றைப் பொறித்தோரின் பெயர் காணப்படுவதை வரலாற்று மாணவர் அறிவர். அந்த அளவிற்கேனும் அக்கம்மியர் கொடுத்துவைத்தவர்கள். நிலத்தை உழுதவன் பெயர் அங்கும் இல்லை.

இனி எமது கரைக்கு வருவோம். இக்கரையின் கடல் நினைவு எவ்வடிவில் வாழ்கின்றது? கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் பேரில் கொடியேற்றம் நிகழ்ந்து வருகின்றது. அக்கொடியேற்றம் பற்றி மார்க்க நோக்கில் மாறுபட்ட கருத்துகள் உண்டு. அவற்றுட் புகுவது எமது நோக்கமன்று. நினைவின் வடிவம் என்ற வகையிலேயே அதனைக் கருதுகிறோம். கடலோடிகளின் காவலராகப் போற்றப்படும் அவ்விறைநேசர் 16ஆம் நூற்றாண்டினர். நாகூரில் நாவிதர் ஒருவர் முன் அமர்ந்திருக்கையில், நடுக்கடலில் கப்பலொன்று ஓட்டை விழுந்து மூழ்குவதை உணர்ந்து, கையிலிருந்த கண்ணாடியை வீசினார் என்றும், அது சென்று ஓட்டையை அடைத்தது என்றும் மரபு கூறும். சில கதைகளில் அது ஒல்லாந்தர் கப்பல். அவர் காலத்தில் ஒல்லாந்தர் இக்கடலுக்கு வந்திருக்கவில்லை; பிற்கால மக்கள் தம் காலத்து ஆதிக்கக்காரரையும் அவருடைய அருளுக்கு உட்படுத்திவிட்டனர்.

இந்நினைவில் முகமே இல்லை. உருவம் தீட்டுவதை விலக்கும் மார்க்க மரபு அதற்கு ஒரு காரணம். ஆனால் முகமின்மை நினைவைக் குறைக்கவில்லை. கொடியும் பாட்டும் நேர்ச்சையும் பெயரும் போதுமானவையாயின. கல்முனைக்குடியில் அவருடைய உடல் அடக்கமாகியிருக்கவுமில்லை. வெஸ்ற் தீட்டிய நெல்சன் மரண ஓவியத்தை ஜேம்ஸ் ஹீத் பொறித்து இலண்டனில் வெளியிட்டது 1811இல். மறு ஆண்டு, 1812இல், செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் நாகூரார் மீது திருக்காரணப் புராணத்தைப் பாடி முடித்தார். இரண்டும் ஓராண்டு இடைவெளியில் எழுந்த கடல்சார் நினைவு நூல்கள் எனக் கொள்ளத்தக்கவை. முன்னதில் தளபதி கப்பலில் மாள்கிறார், பேரரசு வாழ்கிறது. பின்னதன் உலகில் கப்பல் மூழ்காமல் இருப்பதே பெரிது.

இந்த ஒப்பீட்டை இத்தோடு நிறுத்தினால் நாம் மெய்ம்மைக்குத் துரோகம் செய்தவராவோம். எமது மரபில் உருவம் இல்லை, ஆதலால் வர்க்கமும் இல்லை என்று எண்ணிவிடும் மயக்கம் எம்மவரிடையே உண்டு. நாகூர்த் தர்காவின் கோபுரங்களைப் போன்று எழுந்தவை பலவும் மரைக்காயர் வணிகரின் செல்வத்தாலும் தஞ்சை மராத்திய அரசரின் கொடையாலும் எழுந்தவை. மரக்கலம் என்னும் சொல்லோடு மரைக்காயர் என்பதைத் தொடர்புபடுத்துவர் சிலர். அரபுச் சொல்லோடு இயைப்போரும் உளர். எவ்வாறாயினும் கப்பலுடைமையின் மணம் அப்பெயரில் உள்ளது. அதே பெயர் எமது கரையில் மரைக்கார் என்று, தாய்வழிக் குடி ஒவ்வொன்றின் சார்பிலும் பள்ளிவாசல் நிருவாகத்தில் அமர்பவரின் பதவிப் பெயராக வழங்கி வந்துள்ளது. கடலிலிருந்து வயலுக்கும் வணிகத்துக்கும் செல்வம் இடம்மாறியபோது பெயரும் கரையேறிற்று எனலாம். கப்பலை ஓட்டிய கூலிகளோ, பிற்காலத்தில் ஐரோப்பியர் கப்பல்களில் லஸ்கர்களாகப் பணியாற்றிய முஸ்லிம் மாலுமிகளோ எவ்விதப் பதவிப் பெயரையும் விட்டுச்செல்லவில்லை.

குஞ்ஞாலி மரைக்கார்களின் செய்தியையும் இங்கு இணைத்து நோக்கவேண்டும். கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களாகப் போர்த்துக்கேயரைப் பல தலைமுறைகள் எதிர்த்தவர்கள் இவர்கள். இலங்கையில் மாயாதுன்னைக்கு உதவ மலபார்க் கப்பல்கள் வந்து சென்றன. 1538இல் இராமேசுவரத்துக்கு அண்மையிலுள்ள வேதாளையில் பட்டு மரைக்காரின் படை போர்த்துக்கேயரிடம் தோற்றது. நாலாம் குஞ்ஞாலி 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார். போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களைக் கண்டியரசன் செனரத் 1626இல் கீழைக்கரையில் குடியேற்றினான் என்று வரலாற்றாசிரியர் கூறுவதால், இக்கரையினர்க்கு இவ்வரலாற்றில் ஓர் உரித்துணர்வு இருப்பது இயல்பே. அவ்வுணர்வினால், நெல்சனுக்கு நிகராக எமக்கும் ஒரு முகம் வேண்டும் என்ற ஆவல் எழுகின்றது. நூலட்டைகளிலும் இதழ்களிலும் தலைப்பாகையும் தாடியுமாகக் கற்பனைக் குஞ்ஞாலிகள் வரையப்படுகின்றனர். ஆண்டவனின் சட்டத்துக்குள் ஆளப்பட்டவனின் தலையைப் பொருத்துவதால் சட்டம் மாறிவிடாது. இந்திய அஞ்சல் துறை 2000 டிசெம்பரில் வெளியிட்ட குஞ்ஞாலி நினைவு முத்திரை இவ்வகையில் அறிவுடையது. அதில் முகம் இல்லை. முப்பது நாற்பது பேர் துடுப்பு வலிக்கும், குறுகிய நீர்வழிகளிலும் புகுந்து செல்லும் சிறு போர்ப்படகு உள்ளது. அம்முத்திரையை வடிவமைத்தோர் எமது தத்துவத்தைப் படித்தவர்களா என்பது தெரியாது. படகு தானே ஓடாது என்பதை மட்டும் உணர்ந்திருந்தனர்.

இது பழைய செம்பு பற்றிய வாதம் மட்டுமன்று. எமது ஊர்களில் ஆண்டுதோறும் வெளிவரும் விழா மலர்களை வாசகர் ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். பாடசாலை நூற்றாண்டு மலராயினும், இலக்கிய விழா மலராயினும், முதற் பத்துப் பதினைந்து பக்கங்கள் ஆசியுரையும் வாழ்த்துரையுமாக இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் வட்டத்துள்ளோ நீள்வட்டத்துள்ளோ ஒரு முகம். அமைச்சர், நாடாளுமன்ற உறுப்பினர், அதிபர், வர்த்தகப் பிரமுகர் என்ற வரிசையும் பெரும்பாலும் மாறுவதில்லை. போயரின் படவரிசை கல்முனைக்கு வந்து சேர்ந்ததா என்று நாம் ஆராயத் தேவையில்லை. அதன் அமைப்பு வந்து சேர்ந்துவிட்டது. விளம்பரம் கொடுத்தவர் சந்தாதாரரின் இடத்தில் இருக்கிறார். மலரில் எழுதியவருக்குக் கடைசிப் பக்கங்கள். ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோத்த தொழிலாளியின் பெயரை எந்த மலரிலாவது கண்டவர் உண்டாயின் எமக்கு அறியத்தரலாம்.

இலக்கிய வரலாறும் இந்நோய்க்கு விலக்கன்று. கீழைக்கரை முஸ்லிம்களின் இலக்கியம் பற்றி எழுதப்படுவன பலவும் புலவர் வாழ்க்கைச் சித்திரங்களின் கோவைகளே. பிறந்த ஆண்டு, பெற்றோர், பட்டங்கள், ஒரு நிழற்படம். இவரைச் சுற்றி யார் பாடினர், யார் கேட்டனர், அவர் காலத்தில் நெல் என்ன விலை, வயல் யாருடையது என்ற வினாக்கள் பதக்கத்தின் வட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன. மாறாக, பெண்கள் பாடிய நாட்டார் கவிகளுக்கு ஆசிரியர் பெயர் இல்லை என்பதால் அவை 'மக்கள் இலக்கியம்' என்ற பொதுப் பைக்குள் போடப்படுகின்றன. ஒரு புறம் செயலற்ற முகம். மறு புறம் முகமற்ற செயல். இவ்விரண்டும் ஒரே பிளவின் இரு பக்கங்கள் என்பதைத் திறனாய்வு இன்னும் போதிய அளவு எடுத்துக்காட்டவில்லை.

இதன் அவசரம் என்னவென்று 2004 டிசெம்பர் 26 எமக்குக் காட்டிற்று. ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுந்த உயிரிழப்பைச் சந்தித்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்களின் கடலோர வீதிகளில் வாழ்ந்தோரில் பெரும்பகுதியினர் மீனவரும் நாட்கூலிகளும் அவர்தம் குடும்பத்தாருமே. கடலுக்கு மிக அண்மையில் வீடு கட்டியவர் கடலை விரும்பியதால் அங்கு கட்டவில்லை. மேட்டுநிலமும் வயலும் பிறருடையவையாக இருந்ததால் கட்டினர். அவ்வழிவுக்குப் பின் எழுதப்பட்ட நினைவுக் கட்டுரைகளிலும் மலர்களிலும், மாண்டோர் எண்ணிக்கையாகவும், நிவாரணம் வழங்கியோர் நிழற்படமாகவும் இடம்பெற்றதை நாம் கண்டோம். மாண்டவரின் தொழில் என்ன, எந்த வலையில் இழுத்தார், எவருடைய தோணியில் சென்றார் என்ற விபரம் அரிதாகவே உண்டு.

கரைவலை இழுப்போர் பாடும் அம்பாவை இங்கு ஒரு சான்றாகக் கொள்ளலாம். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றையோர் ஏற்றுப் பாடுவர். கயிற்றின் கனமே தாளத்தை வகுக்கும். வலையின் சொந்தக்காரர் அந்தப் பாட்டில் புகழப்படுவதும் உண்டு, மறைவாகக் குத்தப்படுவதும் உண்டு. இயந்திரத்தால் வலை இழுக்கும் வழக்கம் வந்த இடங்களில் அம்பா ஓய்ந்துவருகின்றது. அதனைத் திரட்டச் செல்லும் எமது மாணவர், பாடலடிகளை மட்டும் எழுதிக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். எடுத்துக்கொடுத்தவர் பெயர், ஏற்றுப் பாடியவர்கள் பெயர், அன்று கயிற்றில் நின்றோர் தொகை, பட்ட மீனில் வலைக்காரருக்கு எத்தனை பங்கு, இழுத்தவர்களுக்கு எத்தனை பங்கு ஆகியவற்றையும் பாடலடிகளின் பக்கத்திலேயே அவர்கள் எழுதிக்கொண்டு வரவேண்டும்.